ஒரே சுவருக்கு இரண்டு வயது

எங்கள் வீட்டுக்கு வயது என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கேட்பவர் பாவம், பேச்சுக்குக் கேட்டிருப்பார். நான் அடுப்பு வேலை என்று குசினிக்குள் போய்விடுவேன். பேச்சை வேறு பக்கம் திருப்ப என் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

கோபம் யார் மேல் என்றால் ஒரு வரிசையே இருக்கிறது. ஒரு அரசாங்கக் கந்தோர் மேல், மாப்பிள்ளை வீட்டார் மேல், என் உம்மா மேல். கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற என் மேலும் இருக்கிறது. கடைசியில் சொன்னேன் என்பதற்காக அது குறைவு என்று நினைக்க வேண்டாம்.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கிற எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். ஆணுக்கு வயல் கிடைக்கலாம், மாடு கிடைக்கலாம், கடை கிடைக்கலாம். வீடு உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். கலியாணத்தன்று மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். மகள்மார் ஒன்றுக்கு மேல் இருந்தால் வீட்டைச் சுற்றிய வளவைப் பிரிப்பார்கள். வளவு போதாவிட்டால் வீட்டையே பிரிப்பார்கள். அதற்கும் வழியில்லாவிட்டால் உம்மாவும் வாப்பாவும் பின்னால் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் குறுந்தெருக்களை, ஒழுங்கைகளைப் பார்த்து, ஏன் இந்தக் கோணல், ஏன் இந்த நெரிசல் என்று சிரிப்பதுண்டு. கோணல் இல்லை ஐயா, ஒவ்வொரு வளைவிலும் ஒரு மகளுக்குக் கலியாணம் நடந்திருக்கிறது. அடுத்தடுத்த வீடுகளில் இருப்பது ராத்தாவும் தங்கச்சியும். வேலியில் விட்டிருக்கிற பொட்டு வழியாகக் குனிந்து குனிந்து போனால், தெருவில் கால் வைக்காமலே ஒழுங்கை முழுவதும் சுகம் விசாரித்துவிட்டு வரலாம்.

எங்கள் வீடும் அப்படிப் பிரிந்ததுதான். ஒரு நீள வீடு. நடுவில் தட்டி வைத்து ஒரு பாதி பெரியம்மாவுக்கு, மறு பாதி அவருடைய தங்கச்சியான என் உம்மாவுக்கு. இரண்டு பாதிக்கும் பின்சுவர் ஒன்றே. செங்கல்லும் சிப்பி சுட்ட சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. யன்னல் திட்டில் ஒரு பிள்ளை சுருண்டு படுத்து நித்திரை கொள்ளலாம், அவ்வளவு தடிப்பு. நானே படுத்திருக்கிறேன்.

அந்தப் பின்சுவர்தான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டின் முகமும் பெரிய கதவும் கிணற்றடிப் பக்கம். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாராவது வீடு கட்டுவார்களா? கட்டிய நாளில் அங்கே தெரு இருக்கவில்லை, விசயம் அவ்வளவுதான். பிறகு மாட்டு வண்டி போய்ப் போய் ஒரு மணல் பாதை விழுந்தது. அதற்குக் கிறவல் போட்டார்கள், கிறவலுக்கு மேல் தார் ஊற்றினார்கள். ஆட்கள் அந்தப் பக்கமாக வரத் தொடங்கியதும் பின்சுவரை உடைத்து ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். எங்கள் வரிசையில் இருந்த ஏழெட்டு வீடும் இப்படித்தான் முதுகு காட்டி நின்றன. எழுத்துத் தெரியாதவனும் அதை வாசிக்கலாம். தெரிந்தவர்கள்தான் வாசிக்கவில்லை.

கிணற்றடிக் கதவுக்கு மேலே, சுண்ணாம்புச் சாந்தில், வீடு கட்டிய ஹிஜ்ரி ஆண்டை அரபி எண்ணில் செதுக்கியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பிறை. ஒவ்வொரு நோன்புக்கும் வெள்ளை அடித்து அடித்து எண்கள் பாதி தூர்ந்து போயிருந்தன. கடைசி எண் என்ன என்று நானும் தங்கச்சியும் கதிரை மேல் ஏறி நின்று தடவிப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கிறோம். ஒரு நாளும் முடிவு வரவில்லை.

எழுபத்தெட்டில் சூறாவளி வந்தது. ஊரில் தென்னை நின்ற இடமெல்லாம் அடிக்கட்டைதான் மிச்சம். விடிந்தபோது எங்கள் கூரையைக் காணவில்லை. சுவரில் ஒரு கல் அசையவில்லை. ஒழுங்கைச் சனம் பாதி அந்தப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உயிர் தப்பியது. அந்தச் சுவருக்கு ஊர் ஒரு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொன்னதா என்றால் இல்லை. அடுத்த வருசமே அதைப் பார்த்து முகம் சுளித்தது.

ஏனென்றால் சூறாவளிக்குப் பிறகு ஊரெல்லாம் சீமெந்துக் கல் வீடுகள் எழும்பின. கதவை அடித்துச் சாத்தினால் அதிருகிற சுவர், மத்தியானத்தில் அடுப்பு மாதிரிக் கொதிக்கிற கூரை. ஆனால் புதிது. கலியாணத் தரகர் வந்தால் முதல் கேள்வி அதுதான்: "வீடு புதுசா?" பெண் படித்தவளா, குணமானவளா என்பதெல்லாம் பிறகு. பழைய வீட்டைக் கொடுத்தால் குமரைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று கதை கட்டுவார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வீட்டில் கலியாணத்துக்கு இருந்த குமர் நான்தான்.

உம்மா கூரைக்கு ஓடு போட்டார். மேசனைப் பிடித்துச் சுவர் முழுக்கச் சீமெந்து பூச வைத்தார். அந்தக் கிழமை ஏழு நாளும் தூசுக்குப் பயந்து நான் பெரியம்மாவின் பாதியில் இருந்தேன். திரும்பி வந்தபோது வீடு மொழுமொழுவென்று சாம்பல் நிறத்தில் நின்றது. கிணற்றடிக் கதவுக்கு மேலே எண்ணும் இல்லை, பிறையும் இல்லை. "எல்லாத்தையும் மூடியாச்சு," என்றார் உம்மா. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

மருதமுனையிலிருந்து ஒரு நெசவுக்காரக் குடும்பம் என்னைக் கேட்டு வந்தது. வீடு பார்க்க என்று அந்த வீட்டுப் பெண்கள் முதலில் வருவது எங்கள் வழக்கம். பெண்ணைப் பார்ப்பது பாதி, வீட்டைப் பார்ப்பது பாதி. என் மாமியாராகப் போகிறவர் அறை அறையாக நடந்தார். யன்னல் திட்டைக் கையால் தடவினார். "புதுசுதானே?" என்று கேட்டார். "புதுசுதான்," என்றார் உம்மா. அடுத்த கிழமை ஆண்கள் பேசி முடிக்க வந்தார்கள்.

அவர்கள் விறாந்தையில் பாய் விரித்து இருந்த அதே காலையில்தான், ஊரிலுள்ள வீடுகளைப் பதிவு செய்கிறோம் என்று ஒரு கந்தோரிலிருந்து ஒருவர் பெரிய கொப்பியோடு வந்தார். வெயிலுக்கு ஒதுங்கி யன்னலோரம் நின்றார். எத்தனை பேர், எத்தனை அறை, கிணறு உண்டா என்று கேட்டார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னார். உம்மாவின் முதுகோடு ஒட்டி நான் நின்றேன்.

"வீடு எப்ப கட்டினது?"

விறாந்தையில் பேச்சு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது கதவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே தெரிந்தது.

"சூறாவளிக்குப் புறகு கட்டின," என்றார் உம்மா.

"முழுக்கவா?"

"ஓம். முழுக்க."

அவர் எழுதினார். எதன் மேல் கொப்பியை வைத்து எழுதினார் தெரியுமா? அந்த யன்னல் திட்டின் மேல். கொப்பி, பேனை, கை, முழங்கை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. சூறாவளிக்குப் பிறகு எந்த மடையன் இப்படித் தடிப்பாகச் சுவர் கட்டினான் என்று ஒரு நிமிசம் யோசித்தாரா? நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு பெரியம்மாவின் பாதிக்குப் போனார். பெரியம்மாவுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள், குமர் இல்லை, ஆகவே பயமும் இல்லை. "எங்கட உம்மாட உம்மா பொறந்ததே இந்த வீட்டிலதான், எழுதுங்க," என்று சத்தமாகச் சொன்னார். அதையும் அவர் எழுதினார். பத்து நிமிசத்துக்குள், ஒரே கொப்பியில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் கிழவி, இந்தப் பக்கம் குமர்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். எங்களுக்கு ஒன்று போதுமாக இருந்தது. காவின் பதிவு எழுதி, கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்ந்தார். வீடு என்னுடையதானது. தெருப்பக்க அறையும் அதற்கு வெளியே இருந்த துண்டு வளவும் மட்டும் தங்கச்சிக்கு என்று அன்றே பேசி வைத்தார்கள். அவளுக்குக் காலம் வரும்போது அந்த அறையோடு இன்னும் இரண்டு அறை சேர்த்து வீடாக்குவது என்று ஏற்பாடு. உம்மாவும் வாப்பாவும் அவளும் கிணற்றடியில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

நாலைந்து வருசம் கழிந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள். தங்கச்சி குமராகிவிட்டாள். அப்போதுதான் தெருவை அகலமாக்கப் போவதாகக் கடிதம் வந்தது. எங்கள் வரிசை முழுக்கத் தெருப்பக்கம் வெட்டுப்படும். பழைய வீடுகளுக்கு, இழக்கிற நிலத்துக்கு மாற்றாக ஊருக்கு மேற்கே காணி கொடுப்பார்களாம். அண்மையில் கட்டியவை அத்துமீறல், அவற்றுக்கு ஒன்றும் இல்லையாம். பெரியம்மாவுக்குக் காணி என்று எழுதியிருந்தது. எங்களுக்கு அத்துமீறல் என்று எழுதியிருந்தது. தங்கச்சியின் அறையும் துண்டு வளவும் போகும், மாற்றாக ஒரு முழம் நிலமும் வராது. எங்கள் ஊரில் வீடு இல்லாத குமருக்கு யார் வருவார்? அதை அந்தக் கடிதம் எழுதியவருக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

தெருதான் வந்து எங்கள் வீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டது. இப்போது வீடு தெருவுக்குள் அத்துமீறி வந்துவிட்டதாம்! கடிதத்தை வாசித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் கலைந்தது.

வாப்பா வயலில் காவல் வாடி போட்டுக் கிடப்பவர். வீட்டு விசயம் பொம்புளைகள் விசயம் என்று அதிலும் ஒதுங்கிக்கொண்டார். ஆகவே உம்மாவும் நானும் பெரியம்மாவும் கந்தோருக்குப் போனோம். உம்மா தன் வாழ்நாளில் ஒரு கந்தோர்ப் படி ஏறியது அன்றைக்குத்தான். மேசைக்கு முன்னால் நின்று, முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்.

"மகன், அண்டைக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். வீட்டில குமர் இருந்த. மாப்பிள்ளை ஊட்டாக்கள் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வீடு என்ட உம்மாட காலத்துக்கும் முந்தினது."

அதிகாரி சிரித்தார். சும்மா சிரிப்பில்லை, பக்கத்து மேசைக்காரரையும் பார்த்துச் சிரித்தார். "அப்ப சொன்னது பொய் எண்டா, இப்ப சொல்றது உண்மை எண்டு நான் எப்படியம்மா நம்புற?"

உம்மா முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்தார். அந்தப் பொய்யைச் சொல்லக்கூட அவர் இவ்வளவு வெட்கப்படவில்லை.

நான் விட்டுவிடவில்லை. "ஐயா, ஒரே சுவர். அரைவாசி பழசு, அரைவாசி புதுசு எண்டு உங்கட புத்தகத்தில இரிக்கி. ஒருக்கா வந்து சுவரப் பாருங்க," என்றேன்.

"சுவர் கதைக்காது பிள்ளை. எனக்குக் கடுதாசிதான்," என்றார் அவர். பெரியம்மா வாயைத் திறந்ததும், சொந்தக்காரர் சாட்சி எடுபடாது என்றார். வேறு குடும்பத்து ஆள் யாராவது, சூறாவளிக்குக் கிட்டிய காலத்தில் அந்த வீட்டைப் பார்த்தவர், பழைய வீடு என்று எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார். ஒழுங்கை முழுக்க எங்களுக்குச் சொந்தக்காரர்கள், எனக்கு உடனே மருதமுனை மாமியின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டை அறை அறையாகப் பார்த்தவர், வேறு ஊர், வேறு குடி. ஆனால் அவரிடம் போவதென்றால் நாங்கள் ஏமாற்றியதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கச்சிக்காக அதையும் விழுங்கத் தீர்மானித்தேன்.

மருதமுனையில் மாமி நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடச் செய்தேன். அவர் கையை நிறுத்தவில்லை.

"என்னத்துக்கு அழுறாய் மகள்? எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும் மாமி?"

"பழைய வீடு எண்டு. யன்னலத் தடவிப் பாத்தனே. அந்தத் தடிப்ப எந்தச் சீமெந்தால மறைக்கிற? நாங்க எல்லாரும் அறிஞ்சுதான் எடுத்த. நல்ல பலமான வீடு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறார்கள். தெரிந்திருந்தும் ஏன் புதுசா புதுசா என்று கேட்டீர்கள் என்றேன். "அது கேக்கிற முறை," என்றார். கேட்கிற முறையாம்! அந்த முறைக்காக என் உம்மா ஒரு வீட்டின் வயதையே தின்றுவிட்டார். அப்படியென்றால் கந்தோருக்கு வந்து ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மாமி என்று கெஞ்சினேன். அப்போதுதான் நூல் நின்றது.

"பழைய வீட்டுக்கு என்ட மகனக் குடுத்த எண்டு கந்தோரில எழுதிக் குடுக்கவா? எனக்கு இன்னும் ரெண்டு பொடியன் இரிக்கான் மகள்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குப் பல் நறநறத்தது. ஊரே அறிந்த ஒன்றை ஊரே சேர்ந்து பொய்யாக்கி வைத்திருக்கிறது. அந்தப் பொய்யை உண்மையாகவே நம்பியது ஒரு கொப்பி மட்டும்தான். அதற்குத்தான் முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக் கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டேன். சீமெந்துக்குக் கீழே ஆண்டு இருக்கிறது. எடுத்துக் காட்டினால் எந்தக் கந்தோர் மறுக்கும்? தங்கச்சி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடித்தேன். சீமெந்து பெரிய பெரிய பத்தைகளாகக் கழன்றது. பிறை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். பிறை இல்லை. எண்கள் இருந்த இடமெல்லாம் அம்மை விழுந்த முகம் மாதிரிக் குழி குழியாக இருந்தது. பழைய சாந்தின் மேல் புதுப் பூச்சுப் பிடிக்க வேண்டும் என்று மேசன் முதலில் முழுவதையும் கொத்திவிட்டிருக்கிறார். வேலை தெரிந்த மேசன் அப்படித்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. தங்கச்சி கீழே நின்று, "ஒரு எண்ணாவது தெரியுதா ராத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என் கலியாணத்துக்குப் பூசிய பூச்சுக்காக அவளுடைய வீட்டைக் கொத்தி எறிந்திருக்கிறோம் என்பதை நான் அவளுக்கு எப்படிச் சொல்வேன்? கதிரையை விட்டு இறங்கி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்று மாலையே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மிச்சமிருக்கிற என் வீட்டில் பாதி தங்கச்சிக்கு என்று. அவர் தன் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இழுத்தார். "வீடு என்ட. உங்கட உம்மாட இல்ல. அவக்கு முறை தெரியும், எனக்கும் தெரியும்," என்றேன். அவர் நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். இரண்டாகப் பிரிந்த வீட்டின் பாதி மறுபடி இரண்டாகியது. பின்னாட்களில் அந்தக் கால் வீட்டை வைத்துத்தான் தங்கச்சியின் கலியாணம் நடந்தது. தெருவை விட ஒடுங்கிய வீடு. கேட்டு வந்தவர்களிடம் பழைய வீடு என்று நானே வாசலில் நின்று சொன்னேன். இரண்டு இடம் போனது, மூன்றாவது இடம் நின்றது.

உடைக்க வந்தது அதற்கு முன்னால், மழைக்காலம் தொடங்கும் தருணத்தில். வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் ஒருவரும் இரும்பு அலவாங்கோடு ஆறேழு வேலையாட்களும் வந்தார்கள். மேற்கே சீமெந்துக் கல் வீடு ஒன்றின் விறாந்தையை அவர்கள் காலைத் தேநீருக்கு முன்னே தரைமட்டமாக்கியிருந்தார்கள். எங்களுடையதும் புதிய வீடு என்றுதானே அவர்களுடைய கடுதாசியில் இருந்தது, மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று வந்தார்கள்.

முதல் நாள் பொழுது சாயும்வரை அடித்தும் யன்னலுக்கு மேல் பகுதிதான் விழுந்தது. அலவாங்கு சுவரில் பட்டுத் துள்ளியது. ஒருவருக்குக் கை புண்ணாகிப் பெரியம்மா எண்ணெய் கொடுத்தார். இரண்டாம் நாள் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். உடைந்த இடத்தில் சுண்ணாம்புக்குள் சிப்பித் துண்டுகள் பளபளத்தன. அந்தத் தடிப்பை இப்போது தெருவால் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். கந்தோர் ஐயாவும் ஒருமுறை ஜீப்பில் வந்தார். இறங்கினார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஏறிக்கொண்டார். கதைக்காத சுவர் அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எழுதிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

ஓவசியர் வேறு ஊர்க்காரர், எங்கள் கதை எதுவும் அறியாதவர். மத்தியான வெயிலில் வேர்த்து ஊற்ற, எங்களிடம் தண்ணீர் கேட்டார். உம்மாதான் செம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்நிய ஆண்களுக்கு முன்னால் கதவுக்குப் பின்னால் நிற்கிற உம்மாவுக்கு அன்று நிற்க ஒரு கதவு இருக்கவில்லை. ஓவசியர் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சுவரைத் தட்டிக் காட்டினார்.

"இது சுவரில்ல உம்மா, கருங்கல். எந்தக் காலத்தில கட்டின வீடு இது?"

உம்மா செம்பைத் திருப்பி வாங்கினார்.

"சூறாவளிக்குப் புறகு கட்டின," என்றார். "உங்கட கடுதாசியப் பாருங்க மகன்."